ஸ்ரீவராகத்துக்கு வராத பட்டாம்பூச்சி

1

எங்கள் ஊர் வாசகர் வட்டம் போடும் ஆண்டு மலரில் வெளியூரில் போய் வாழ்கிறவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குவார்கள். போன மலரில் ஒருவர் நார்வேயில் மாதக்கணக்கில் சூரியனைப் பார்க்காமல் இருந்ததை எழுதியிருந்தார். இன்னொருவர் ஆஸ்திரேலியாவில் கங்காரு ஒன்று தன் காரை மறித்ததை எழுதியிருந்தார். இந்த வருடம் என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆள் கிடைக்கவில்லை போல.

நான் கடல் கடந்தவன் இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் கடந்தவன். வள்ளியூரில் ரயில் ஏறி, நாகர்கோவிலில் ஒரு காபி குடித்து, அந்தச் சூடு நெஞ்சை விட்டு இறங்குவதற்குள் மலையாளத் தலைநகரத்துத் தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். இருபத்தெட்டு வருடம் ஆகிறது. பனி இல்லை, கங்காரு இல்லை. சாலை என்கிற கடைத்தெருவில் பைப்பும் பைப் சாமானும் மொத்தமாக விற்கிற கடையில் மேனேஜர். மேனேஜர் என்றால் காலையில் ஷட்டரைத் தூக்குகிறவன் என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் நிஜமாகவே அயல்நாடு போனது என் மகள் கோமதி. நர்ஸ் படித்தாள், கோட்டயத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள், கனடா போனாள். பேத்தி பிறந்தபோது ஆறு மாதம் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி காந்திமதியும் போனாள். அந்த ஆறு மாதம் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. பேத்தி என்னைப் போனில் பார்த்தால் "அப்பூப்பா" என்கிறாள். மலையாளத்தில் அதுதான் தாத்தா. தாத்தா என்று சொல்லிக்கொடுக்கிற பொறுப்பு யாருக்கு என்று தெரியாமல் அந்தக் காரியம் அப்படியே கிடக்கிறது.

ஆக, எல்லாரும் போன பிறகு போகாமல் இருக்கிறவனின் வெளிநாட்டு அனுபவம் இது. இதில் வேடிக்கை பார்க்கப் பெரிதாக ஒன்றும் கிடையாது. சில பூச்சிகள் இருக்கின்றன.

2

ஸ்ரீவராகத்தில் நான் இருக்கும் வாடகை வீட்டுக்குப் பின்னால் கிணற்றையொட்டி நீளவாக்கில் கொஞ்சம் மண். ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, இட்லிப்பூச் செடிகள், யாரும் வைக்காமல் தானாக வந்த புல். காந்திமதி இருந்தவரை அது அவளுடைய இலாகா. அவள் போன மூன்றாவது மாதம் கறிவேப்பிலை மொட்டையாகத் தொடங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால், விரல் மொத்தத்தில் பச்சையாக ஒரு புழு. ஈர்க்குச்சியால் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து செக்கச்செவேல் என்று இரண்டு கொம்பு நீட்டியது. அழுகின எலுமிச்சை வாடை அடித்தது. ஐம்பது வயதுக்காரன் ஒரு புழுவுக்குப் பயந்து கிணற்றுச் சுவரில் முதுகை இடித்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் ஆள் இல்லாததில் அப்படிச் சில சௌகரியம் உண்டு.

போட்டோ எடுத்து அடுத்த வீட்டு பீனாவுக்கு அனுப்பி, இதற்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டேன். பீனா வங்கியில் கிளார்க். மதில் மேல் தலை தெரிந்தது.

"அய்யோ அண்ணாச்சி, கொல்லல்லே. அது நாரகக்காளி. பட்டாம்பூச்சியாக்கும்."

காளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றதும் கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டுவிட்டேன்.

அது தின்றது. எட்டு நாள் தின்றது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் போய் நின்றால், இலை ஓரத்தை அரம் போட்டு அராவுகிற மாதிரி நறுநறு என்று தின்பது தெரியும். என் வீட்டில் என்னைத் தவிர இன்னொரு ஜீவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நானும் அந்த நேரத்துக்கே சாப்பிட ஆரம்பித்தேன்.

அப்படித்தான் பீனா என்னைத் தன்னுடைய பூச்சிக் கூட்டத்தில் சேர்த்துவிட்டாள். ஏழெட்டுப் பேர். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வெள்ளாயணிக் காயல் கரையிலோ, புஞ்சக்கரி வயல் வரப்பிலோ நடப்பார்கள். தட்டான், வண்டு, பட்டாம்பூச்சி, இலைக்கடியில் ஒட்டியிருக்கிற முட்டை என்று எதையாவது குனிந்து பார்ப்பார்கள். மற்ற நாட்களில் அவரவர் பார்த்ததை வாட்ஸப் குழுவில் போடுவார்கள். பார்த்த இடம், நேரம், எண்ணிக்கை மூன்றும் எழுத வேண்டும். அதைப் பார்த்துப் பெயர் சொல்லுகிறவர் சசிதரன் சார்.

சசிதரன் சார் வில்லேஜ் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆனவர். எல்லையோரப் பாறசாலைப் பக்கம் வேலை பார்த்ததால் என்னிடம் தமிழ் மாதிரி ஒன்றைப் பேசுவார். நானும் மலையாளம் மாதிரி ஒன்றில் பதில் சொல்வேன். இரண்டும் நடுவழியில் எங்கோ சந்தித்துக்கொள்ளும். கோமதியை நர்ஸிங்கில் சேர்க்கும்போது அவள் இந்த ஊர்க்காரிதான் என்று நேட்டிவிட்டி சர்டிபிகேட் வாங்க வேண்டியிருந்தது. அவள் பிறந்தது இங்கேதான், படித்தது இங்கேதான், ஆனால் அப்பன் அங்கேயிருந்து வந்தவனாயிற்றே என்று வில்லேஜ் ஆபீசில் பேப்பருக்கு மேல் பேப்பர் கேட்டார்கள். சார் அந்த ஆபீசில் இருந்தவர் இல்லை. ஆனால் பூச்சிகளை அவர் நடத்துவதைப் பார்த்தால் அந்த நாற்காலி ஞாபகம் வரும். இந்த நகரத்தில் என்னென்ன பட்டாம்பூச்சி உண்டு என்று ஒரு நீள நோட்டில் வருடக்கணக்காக எழுதி வருகிறார். சந்தேகமிருந்தால் பென்சில், தீர்ந்தால் பேனா. பேனாவில் ஏறிவிட்டால் குழுவில் இரண்டு வார்த்தை வரும்: "நோட்டு செய்து." குறித்தாயிற்று என்று அர்த்தம்.

எனக்கு அந்த இரண்டு வார்த்தை அதிகம் கிடைத்ததில்லை. மொட்டு என்று நினைத்து வண்டை எடுத்திருப்பேன், வண்டு என்று நினைத்து மொட்டை எடுத்திருப்பேன். ஒரு தடவை காய்ந்த இலை ஒன்றை மூன்று கோணத்தில் எடுத்து அனுப்பி, இது என்ன அந்துப்பூச்சி என்று கேட்டேன். "பிலாவின் இல" என்று பதில் வந்தது. பலா இலை. அன்றைக்குக் குழுவில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கிற பொம்மை போட்டேன். உண்மையில் சந்தோஷமாகவே இருந்தது. ஒரே நாளில் எனக்கு அவ்வளவு பதில் வந்ததே இல்லை.

3

வள்ளியூரில் அக்கா பேத்திக்குக் காதுகுத்து. சனிக்கிழமை போய் ஞாயிறு மத்தியானம் திரும்பிவிட்டேன். ஞாயிறு காலையில் பந்தலுக்குச் சாமான் வருகிறவரை சும்மா நின்றபோது, அக்கா வீட்டுப் பின்வேலியில் பழக்க தோஷத்தில் இரண்டு படம் எடுத்தேன். திரும்பி வந்து நாலு மணி வெயிலில் ஸ்ரீவராகத்தில் எட்டுப் படம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அந்த நாளின் படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, மேலே "ஸ்ரீவராகம், வீட்டுத் தோட்டம்" என்று எழுதிக் குழுவில் தட்டிவிட்டேன்.

அக்கா வீட்டுப் படங்கள் இரண்டும் அதோடு போய்விட்டன. அதில் ஒன்று சங்கஞ்செடியில் சிறகை விரித்து வெயில் காய்கிற ஒரு சின்னப் பட்டாம்பூச்சி. அவித்த இறால் நிறம், ஓரமெல்லாம் கறுப்பு. எங்கள் பக்கத்தில் அது வேலிக்கு வேலி திரிகிற சரக்கு. மண்ணை ஒட்டி, ஏதோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிற மாதிரி பறக்கும். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் போன் அடித்தது. சசிதரன் சார் அதற்கு முன் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"அண்ணாச்சி, அந்தப் பிங்க் கலர். ஸ்மால் சால்மன் அராப். அது உம்மட வீட்டிலயா?"

எது என்று விளங்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் படத்தைப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பின்னால் மங்கலாக நீலமாய்த் தெரிவது அக்கா வீட்டுச் சுவர். மறுபடி காதில் வைத்தபோது அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"வறண்ட நாட்டு சாதனமாக்கும் அது. நம்ம லிஸ்டில இல்ல. ஞான் முப்பது வருஷமா நோக்குந்நு, இந்த சிட்டில ஒராளும் கண்டிட்டில்ல. ஞாயறாழ்ச நாங்க எல்லாரும் அங்ஙோட்டு வரட்டே? சிரமம் உண்டோ?"

அப்போது சொல்லியிருக்கலாம். "சார், படம் மாறிப் போச்சு" என்று நாலு வார்த்தை. எனக்கு இரண்டு மொழியிலும் அது தெரியும். ஆனால் இரண்டு வருடமாக என் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்னவர்கள் கேஸ் சிலிண்டர்காரரும் மீட்டர் பார்க்கிறவரும்தான்.

"ஒரு சிரமமும் இல்ல சார், வாங்க" என்றேன்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் வந்தார்கள். பீனா வீட்டிலிருந்து மதில் வழியாக நாற்காலி வந்தது. நான் பால் பாக்கெட் மூன்று வாங்கி, பக்கத்துத் தெரு ஹோட்டலில் உளுந்தவடை சொல்லிவைத்திருந்தேன். எல்லாரும் கிணற்றடியில் உட்கார்ந்து, இல்லாத ஒன்றுக்காக மெதுவாகப் பேசிக்கொண்டு காத்திருந்தார்கள். ஒருவர் காமிராவைத் துடைத்தார். ஒருவர் என் எலுமிச்சையில் முட்டை தேடினார். யாரோ சமையலறை வரை வந்து "சர்க்கரை எங்க அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். எனக்குச் சர்க்கரை டப்பா எங்கே என்று சொல்லுவதே பெரிய உபசாரமாக இருந்தது.

பத்து மணிக்குப் போனார்கள். ஏழு டம்ளர் கழுவினேன். கழுவி முடித்து, கவிழ்த்து வைத்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கனடாவிலிருந்து போன் வந்தது. அங்கே காலை. எனக்குக் கிடைத்திருக்கிற புகழைப் பற்றிச் சொல்லிப் படத்தையும் அனுப்பியிருந்தேன். கோமதி பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது அத்தை வீடு அல்லே?"

"எங்க?"

"ஆ நீலச் சுவரு. எனக்கு அறியும். லீவுக்குப் போகும்போ அதில பந்தடிச்சு அத்தை கிட்ட ஏச்சு வாங்கிட்டுண்டு."

பின்னாலிருந்து காந்திமதி குரல்.

"என்னவாம்? கள்ளப் படத்த அனுப்பி மலையாளத்தாள ஏமாத்துதாரா?"

"நீ சும்மா இரு அம்மே. அப்பா, பறைஞ்ஞிடுங்க. சார்ட்ட உள்ளத பறைஞ்ஞிடுங்க."

"சொல்லுதேன்."

"எப்போ?"

"அடுத்த ஞாயித்துக்கிழம எல்லாரும் வாராவ. அப்ப சொல்லுதேன்."

"அவங்க வந்தாச் சொல்லணும்னு இருக்கீங்களா, அவங்க வரணும்னு சொல்லாம இருக்கீங்களா?"

இதை மட்டும் நல்ல தமிழில் கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் வரும். அதற்காகவே சில சமயம் கோபப்படுத்தியிருக்கிறேன்.

5

அடுத்த ஞாயிறு நாலு பேர்தான். சசிதரன் சார் காலையில் ஏழு மணிக்கே வந்துவிட்டார். அவருக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்து அதிக நாள் ஆகவில்லை. ஆட்டோவிலிருந்து இறங்கிக் கிணற்றடி வரை பிடித்துப் பிடித்து வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து காலை ஒரு செங்கல் மேல் நீட்டிக்கொண்டார். மூன்று மணி நேரம் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நோட்டைத் திறந்து காட்டினார். அந்தப் பெயரும் ஸ்ரீவராகமும் என் பெயரும் பென்சிலில்.

"லிஸ்டு அச்சடிக்கப் போகுது அண்ணாச்சி. இதில ஒரு சம்சயம் பாக்கி. அது தின்னுந்ந செடி இவிட இல்ல. சங்கஞ்செடி. முட்டையிடான் செடி வேண்டே? எங்கேயோ அடுத்த காம்பவுண்டில இருக்கும். கண்டுபிடிச்சா பேனால எழுதிடலாம்."

"பென்சில்லயே இருக்கட்டுமே சார்."

"பென்சிலு அச்சில வராது" என்றார். பிறகு கொஞ்சம் கழித்து, "ஆபீசில ஒரு சர்டிபிகேட்டும் கள்ளமா கையொப்பம் போட்டிட்டில்ல. இதும் அதுபோலத்தான்" என்றார்.

அவர் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடைமுறையைச் சொன்னார். அதுதான் எனக்கு வலித்தது. வலித்தவன் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. அதற்குப் பதில் நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் நார்வேக்காரர் இருட்டை எழுதும்போது நான் இதையாவது எழுத வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டு வள்ளியூர் போனேன். அக்கா வீட்டுப் பின்வேலியில் சின்னதாக ஒரு சங்கஞ்செடியை வேரோடு தோண்டினேன். கைமுழுக்க முள் கிழித்தது. பார்வதியக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏல சங்கரா, வேலி முள்ள என்னத்துக்குல தோண்டுத?"

"தோட்டத்துல வைக்கக்கா."

"ரோசாச்செடி வைக்கதக் கேட்டிருக்கேன். முள்ளு வைக்கதுக்கு ரெயில் ஏறி வந்தவன் நீதாம்ல. காந்திமதி எப்ப வாராளாம்?"

"வருவா."

அக்கா உள்ளே போனாள். செடியைச் சுற்ற ஒரு பழைய சாக்கு கொண்டுவந்து கொடுத்தாள். அன்று சாயங்காலம் ரயிலில் என் எதிரே இருந்தவர் காலை மடக்கிக்கொண்டே வந்தார். பேரு என்ன இந்தச் செடிக்கு, எதுக்கு மருந்து என்று கேட்டார். சர்க்கரைக்கு என்று சொல்லிவைத்தேன். ஒரு பொய் போட்ட இடத்தில் இன்னொன்று போட எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

ஒரு மண்தொட்டியில் நட்டு, கிணற்றுக்குப் பின்னால் முன்பே இருந்தது மாதிரி தள்ளிவைத்தேன். பழசாகத் தெரியட்டும் என்று தொட்டியின் மேல் கொஞ்சம் பாசியும் தேய்த்தேன். பைப் கடை மேனேஜருக்கு இவ்வளவு கைவேலை தெரியும் என்று எனக்கே தெரியாது.

6

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாரும் பீனாவும் மட்டும் வந்தார்கள். அடுப்பில் டீ வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

"சார், ஒரு செடி கண்டேன். கிணத்துக்குப் பின்னால. அதுதானான்னு தெரியல."

அவர் எழுந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். முழங்காலை மறந்து தொட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். பீனா "சாரே, முட்டு, முட்டு" என்று பதறினாள். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து ஒவ்வொரு இலையாகத் திருப்பினார். நான் டீயை எடுத்து வந்தேன். அவர் திரும்பவில்லை.

"பீனே."

அவள் குனிந்தாள்.

"எண்ணு."

"ஒந்நு, ரெண்டு..." ஏழு வரைக்கும் எண்ணினாள். இலைக்கடியில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஏழு பச்சைப் புழு. ஒவ்வொன்றும் அரை அங்குலம். வள்ளியூரிலிருந்து சாக்குக்குள் என்னோடு ரயிலில் வந்திருக்கின்றன. டிக்கெட் இல்லாமல்.

சார் முகத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது. அந்த வயதுக்காரர் ஒருவர் என் வீட்டில் வைத்து அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, இது வந்து போன கேசு அல்ல. இவிட முட்டையிட்டு வாழுந்நு. நம்ம ஊர்க்காரனாக்கும்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

நான் டீ டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றேன். பேனா மூடியைக் கழற்றினார். இதற்கு மேல் ஒரு நொடி போனால் அது அச்சில் வந்துவிடும். என் பெயரோடு வரும். அவர் பெயரோடும் வரும்.

"எழுதாதீங்க சார்."

"எந்தா?"

"செடிய நான் கொண்டுவந்தேன். செவ்வாக்கெழம. எங்கக்கா வீட்டுலருந்து. படமும் அங்க எடுத்ததுதான். அன்னைக்கு மாறி அனுப்பிட்டேன். நீங்க போன் பண்ணும்போதே தெரியும்."

பீனா என்னைப் பார்த்தாள், பிறகு மதில் பக்கம் பார்த்தாள். சார் அப்படியே குத்துக்காலிட்டிருந்தார். எழுந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருக்கும் என்று தோன்றியது. அவரால் எழ முடியவில்லை. கை கொடுத்தேன். அவர் பீனாவின் கையைப் பிடித்து எழுந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி?" என்று பீனாதான் கேட்டாள்.

இதற்கு ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன்.

"நீங்க எல்லாரும் வந்தீங்க, அதான்" என்றேன்.

சார் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். சட்டைப் பையில் ரப்பரும் வைத்திருந்தார். பென்சிலில் எழுதிய அந்த ஒரு வரியை நிதானமாக அழித்தார், எழுத்தின் தடம்கூட இல்லாமல். தூளை ஊதித் தள்ளினார்.

"புழு எத்தர?"

"ஏழு, சார்."

"இந்த இல மூணு நாளைக்கே வரும். பின்ன பட்டினியாக்கும். இவிட விட்டா பட்டாம்பூச்சியாகிப் பறந்தாலும் முட்டையிட இடமில்ல. எடுத்த இடத்தில கொண்டு விடணும்."

"விட்டுடுறேன் சார்."

அவர் டீ குடிக்கவில்லை. அவர்கள் போன பிறகு பார்த்தேன், மேலே ஆடை படர்ந்திருந்தது.

7

அதே தொட்டி, அதே சாக்கு, அதே ரயில். அக்கா இந்தத் தடவை சிரித்தே விட்டாள்.

"போன வாரம் கொண்டு போன, இந்த வாரம் கொண்டாந்திருக்க. அங்க முள்ளுக்கும் எடங் குடுக்க மாட்டேங்காவளா?"

வேலியில் அதை எடுத்த குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளினேன். ஏழு புழுவையும் எண்ணிப் பார்த்தேன். சுற்றிலும் அந்த இறால் நிறத்தில் பத்துப் பதினைந்து பறந்துகொண்டிருந்தன. ஒன்று என் செருப்பின் மேல் உட்கார்ந்து எழுந்தது. யாரும் இல்லாத இடத்தில் அதற்குப் போட்டோ எடுப்பானேன் என்று எடுக்காமல் வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரவில்லை. கோபித்துக்கொண்டு வராமல் இருந்திருந்தால் போய்ச் சமாதானம் செய்யலாம். அவர்களுக்குக் கோபம் இல்லை. வருவதற்குக் காரணம் இல்லை, அவ்வளவுதான். பீனா இப்போதும் மதில் வழியாக முருங்கைக்காய் கொடுக்கிறாள். குழுவில் என்னை நீக்கவும் இல்லை. நான் தினமும் ஏதாவது ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தேன். மஞ்சளாக ஒன்று, பழுப்பாக ஒன்று, எங்கும் இருக்கிற எறும்பு.

ஒரே ஒரு வித்தியாசம். மற்றவர்கள் படம் போட்டால் சார் பெயரைச் சொல்லுவார். நான் போட்டால், இடம் எழுதியிருந்தாலும் முதலில் ஒரு கேள்வி வரும்.

"ஸ்தலம்?"

நான் மறுபடி எழுத வேண்டும். ஸ்ரீவராகம், எலுமிச்சை மரத்தடி. ஸ்ரீவராகம், கிணற்றுச் சுவர். சாலை, கடைக்குப் பின்னால், ஓடை ஓரம். எழுதின பிறகுதான் பெயர் வரும். முதல் ஒரு வாரம் அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் காது சூடாகும். குழுவில் எட்டுப் பேர் பார்க்க, இந்த ஒருவன் சொல்லுவதை மட்டும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது தகும் என்று இருந்துவிட்டேன். இரண்டு மாதத்தில் பழகியும் போயிற்று.

சென்ற வாரம் காந்திமதி போன் செய்தாள். கோமதிக்கு இரண்டாவது. டாக்டர் உறுதி செய்துவிட்டார்.

"இன்னொரு பேறுகாலம் பாத்துட்டு வந்துருதேன். அதுக்குள்ள நடுவுல வந்துட்டுப் போறதுன்னா செலவுல்லா."

"ஆமா, இருந்து பாத்துட்டு வா."

"நீங்க என்ன செய்யுதிய?"

"என்ன செய்ய, பூச்சி பாக்கேன்."

"அது நல்லதுதான். ஒருத்தருக்கும் தொந்தரவு கெடையாது" என்றாள். பேத்தி நடுவில் வந்து அப்பூப்பா என்று கையாட்டிவிட்டு ஓடினாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் தோட்டத்துப் பக்கம் போகவில்லை. கடைக்குப் போவேன், வருவேன், கதவைப் பூட்டுவேன். எதையும் பார்க்கவில்லை, எதையும் அனுப்பவில்லை. கறிவேப்பிலையை யார் தின்றால் என்ன என்று இருந்தது.

ஐந்தாம் நாள் காலை, பின்வாசல் படியில் காபியோடு உட்கார்ந்திருந்தேன். போன் ஒரு தடவை அதிர்ந்தது. குழுவில் அல்ல, தனியாக. சசிதரன் சார்.

"ஸ்தலம்?"

நான் எந்தப் படமும் அனுப்பியிருக்கவில்லை. தப்பாக வந்திருக்குமோ என்று மேலே தள்ளிப் பார்த்தேன். அதற்கு முன் அந்தப் பக்கத்தில் எங்களுக்குள் ஒரு செய்தியும் கிடையாது. அந்த ஒரு சொல் மட்டும் தனியாக இருந்தது.

பதில் எழுதி அழித்தேன். காய்ச்சல் என்று எழுதிப் பார்த்தேன். கடையில் வேலை அதிகம் என்று எழுதிப் பார்த்தேன். இந்த ஆளிடம் இனிமேல் ஒரு பொய்கூடச் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தது ஞாபகம் வந்தது. பிறகு அவருடைய நோட்டில் எழுதுகிற வரிசைப்படியே, உள்ளதை எழுதி அனுப்பினேன்.

"ஸ்ரீவராகம், பின்வாசல் படி. காலை ஏழரை. எண்ணிக்கை: ஒன்று."